அணையாத பச்சைப் பொட்டு

என் காம்பரா அறையில் இராப்பகலாக உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி என்னத்தைத் தின்று உயிர் வாழ்கிறது என்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. "கரண்டுதான் தின்னுது" என்பேன். "வெறும் கரண்டத் தின்னுட்டா இப்புடிப் பெருமூச்சு விடுது?" என்று கேட்டார் கடைசிக் காம்பரா அண்ணன். மனிதர்கள் வாயில் வருவதை எழுதி வைக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அன்றைக்கு அதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

பெட்டி என்பது ஒரு சர்வர். பெயர்தான் பெரிது. அக்கரப்பத்தனை பஜாரில் நான் வேலை பார்க்கிற போட்டோகாப்பிக் கடையில் தூக்கிப்போட இருந்த பழைய கம்ப்யூட்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்தவர் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "பன்னிக்குட்டியா மக?" என்று கேட்டார். அதைத் திறந்து, தூசி தட்டி, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கெடுத்து, திரும்பச் சரிசெய்து, ஒரு வழியாக ஓடவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர எங்கள் மலையில் யாரும் இல்லை.

அதில் மூன்று சங்கதிகள் இருந்தன. ஒன்று எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் இணையதளம். இன்னொன்று என்னுடையது; ஊர்வாயில் கேட்ட பேச்சுகளைப் போட்டு வைக்கிற இடம். மூன்றாவதுதான் லயத்து ஆட்களுக்குப் பிடித்தது. கொழும்பிலும் குவைத்திலும் இருக்கிறவர்கள் வீட்டோடு பேசுவதற்கு நான் அமைத்துக் கொடுத்த அரட்டை அறை. பேசலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம், படம் அனுப்பலாம். யார் அந்த நேரத்தில் உள்ளே இருக்கிறார்களோ அவர் பெயருக்கு முன்னால் பச்சையாக ஒரு புள்ளி எரியும். லயத்தில் அதற்குப் பெயர் பச்சைப் பொட்டு. அனுப்பிய குரலை மறுமுனையில் கேட்டுவிட்டால் அதன் கீழே "கேட்டாச்சு" என்று ஒரு சொல் வரும்.

இதற்கெல்லாம் சிக்னல் வேண்டுமே. எங்கள் லயத்துக்கும் எதிர்மலை டவருக்கும் நடுவே ஒரு மண்மேடு உட்கார்ந்திருக்கிறது. அதனால் கூரைத் தகரத்தின் மேல் ஒரு கம்பி நட்டு, அன்டனாவை உயரத் தூக்கிக் கட்டினேன். அதைப் பிடித்து, வைஃபையாக்கி, லயம் முழுவதற்கும் விட்டேன். கட்டுகிற அன்றைக்குப் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"எதுக்கு புள்ள இம்புட்டு ஒசரம்?"

"மண்ணு தடுக்குது பெரியம்மா. காத்துல வரும், மண்ணுக்குள்ள மட்டும் வராது."

"அப்ப மண்ணுதான் பெருசுன்னு சொல்லு" என்றார். அதையும் எழுதி வைத்தேன். பின்னால் அந்தப் பேச்சு என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

அந்தப் பெரியம்மாவின் மூத்த மகன் திடீரென்று இறந்துபோனார். எனக்கு அண்ணன் முறை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் குளவி என்றால் அப்படித்தான். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, சிரித்துக்கொண்டு போகிறவர் மத்தியானம் வெள்ளைத் துணிக்குள் வருவார்.

அவர் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஊருக்கு வர அங்கே விடவில்லை. சாவை அவள் என் அரட்டை அறை வழியாகத்தான் பார்த்தாள். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகம் வீங்கி அடையாளமே தெரியாமல் இருந்ததால் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். "முகத்தக் காட்டுங்கக்கா, முகத்தக் காட்டுங்க" என்று அவள் கத்தியதும், வேண்டாம் என்று பெரியம்மா கையால் மறித்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "அவரு போன அவரு கையிலேயே வச்சிருங்கத்த. நான் பேசுனா கேக்கட்டும்."

எங்கள் ஆட்கள் சவப்பெட்டிக்குள் சாமான் வைப்பது வழக்கம்தான். வெற்றிலைப் பை வைப்பார்கள், பிடித்த சட்டை வைப்பார்கள். போன் வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பெரியம்மா ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து மகன் கைக்குக் கீழே செருகினார். ஆணி அடித்தார்கள். லயத்துக்குக் கீழே, தேயிலைக்கு நடுவே புதைத்தோம்.

பால் தெளித்து முடித்த மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் வழக்கம்போல் சர்வரைப் பார்த்தேன். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, ஈரத்துக்கு ஏதாவது பிடித்திருக்கிறதா, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை. பனி கதவுவரை வந்து நின்றது. அரட்டை அறையில் ஒரே ஒரு பச்சைப் பொட்டு. அண்ணனுடையது.

உட்கார்ந்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

பழைய கணக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, மிஷின்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாளும் அதே நேரம். பெரட்டுக்குச் சங்கு ஊதியது, பொட்டு வந்தது. கொஞ்ச நேரம் எரிந்தது. போனது. உயிரோடு இருந்தபோது அண்ணன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிற நேரமும் அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனின் மனைவி பேசினாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, நான் தெனமும் அவருக்குப் பேசி அனுப்புறேன். சும்மா, என் மனசுக்கு. ஆனா அக்கா, எல்லாத்துக்கும் கீழ 'கேட்டாச்சு'ன்னு வந்திருக்கு."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"குளவி கொட்டுனா மயக்கம் வரும்தானக்கா? ரெண்டு மூணு நாளு கெடந்து எந்திரிச்ச ஆளுங்க இருக்காங்கதானே? நான் முகத்தப் பாக்கல. யாருமே என்னப் பாக்க விடல. அவரு முழிச்சிட்டாரு. உள்ள இருந்து கேக்குறாரு. தோண்டிப் பாருங்கக்கா."

"புள்ள, டாக்டர் பாத்துத்தானே எழுதிக் கொடுத்தாங்க..."

"டாக்டரு என் வீட்டுக்காரரா? நான் பாக்கல. நான் தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவன் தோண்டலன்னா நான் இங்க எல்லாத்தயும் போட்டுட்டு ஓடி வருவேன். பாஸ்போட்டு அவங்ககிட்டத்தான் இருக்கு. பரவால்ல, நடந்தாவது வருவேன்."

தம்பி என்பது அண்ணனுக்கு இளையவன். கொழும்பில் கடையில் நிற்கிறவன், கருமாதி முடியும்வரை தங்கியிருந்தான். அண்ணி சொல்லைத் தட்டாதவன். மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றான். முகம் சாம்பலாக இருந்தது.

"அக்கா, ஒங்க பெட்டி பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லாது தம்பி. ஆனா பாதிதான் சொல்லும்."

"மீதிய யாரு சொல்றது? நாளைக்குக் காலைல தோண்டுறதா அண்ணிகிட்ட சொல்லிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அதுவே ஒரு குழிய வெட்டிப் படுத்துக்கும்."

"தோண்டி, உள்ள என்னா இருந்தாலும் நீ பாத்துத் தாங்குவியா?"

மண்வெட்டி தேடப் போய்விட்டான்.

கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு மிஷினின் முன்னால் உட்கார்ந்தேன். யாராவது அண்ணனின் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு வேறெங்கோ இருந்து விளையாடுகிறார்களோ என்பதுதான் முதல் யோசனை. அப்படிப்பட்ட பாவிகளும் உலகத்தில் உண்டு. பார்த்தால், இல்லை. உள்ளே வந்தது அண்ணனின் அதே போன். வெளியூரிலிருந்தும் வரவில்லை. என் கூரையில் கட்டிய அதே வைஃபையைப் பிடித்துத்தான் வந்திருக்கிறது. அப்படியென்றால் அது எங்கள் லயத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. வைஃபை எவ்வளவு தூரம் போகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பிள்ளைகள் லயத்துக்குக் கீழே வளைவுவரை நின்று வீடியோ பார்ப்பார்கள்.

வளைவுக்கு அந்தப் பக்கம்தான் அண்ணனைப் புதைத்த இடம்.

என் போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பகல்தான், ஆனால் பனி பத்தடிக்கு மேல் கண்ணை விடவில்லை. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாக முளைத்து முளைத்து வந்து பின்னால் மறைந்தன. கீழே எங்கோ கொழுந்து எடுக்கிற பெண்களின் பேச்சு கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. பேச்சு மட்டும் என்னோடு கூடவே நடந்துவந்தது. போனில் வைஃபையின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. புதுமண் குவியலுக்கு முன் வந்து நின்றபோது ஒரு கோடு மிச்சமிருந்தது. வாடிய மாலை, ஈர மண், மேலே யாரோ நட்ட ஒரு தேயிலைக் கன்று, ஒரு கோடு.

மண்ணுக்குள் அது போகாது என்று எனக்குத் தெரியும். அத்தனை நாளாக மண்ணுக்குள் கிடக்கிற பேட்டரி உயிரோடு இருக்காது என்றும் தெரியும். படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல, என் கையால் கழற்றி மாட்டித் தெரிந்துகொண்டது. ஆனாலும் அரட்டை அறையைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், அண்ணனின் பெயருக்கு முன்னால் பொட்டு எரிந்தது. காலை நேரம்கூட இல்லை. நான் அங்கே நிற்பதைத் தெரிந்துகொண்டு எரிந்ததுபோல் இருந்தது. கொழுந்து எடுப்பவர்களின் பேச்சும் அந்த நேரம் பார்த்து நின்றது.

எப்படி மேலே ஏறி வந்தேன் என்று நினைவில்லை. ஒரு செருப்பு கீழேயே கிடந்தது, பிறகு யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசலில் கடைசிக் காம்பரா அண்ணன் பீடியோடு நின்றார். "என்னா மக, பெட்டிக்குள்ள பேய் குடிவந்திருச்சாமே? வாடகையாச்சும் வாங்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அன்று முழுவதும் ஒரே யோசனைதான். சர்வரை நிறுத்திவிட்டால் என்ன? சுவிட்சை அமுக்கினால் பொட்டும் இல்லை, "கேட்டாச்சு"வும் இல்லை. மிஷின் கெட்டுப்போச்சு புள்ள, எல்லாம் அதோட கோளாறுதான் என்று அவளிடம் சொல்லிவிடலாம். தோண்டவும் வேண்டியிருக்காது. கையை சுவிட்சில் வைத்தேன், எடுத்தேன். பொய் சொல்லாது என்று தம்பியிடம் சொன்ன வாய் இது. அதைவிட, நான் நிறுத்தினால் அவளுக்கு அவர் இரண்டாவது தடவை சாவார். அதைச் செய்கிற கை என்னுடையதாக இருக்க வேண்டாம் என்று பட்டது.

விடிந்தது. மண்வெட்டியை இஸ்தோப்பில், அதுதான் முன்வாசல் தாழ்வாரத்தில், சாத்திவைத்துவிட்டுத் தம்பி பீலித் தண்ணீரில் குளிக்கப் போனான். குளித்துவிட்டுத்தான் தோண்டுவேன் என்று சொல்லியிருந்தான். நான் சர்வரின் முன்னால் உட்கார்ந்து, இன்றைக்காவது வராதே என்று பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கு ஊதியது. பொட்டு வந்தது.

அந்த நிமிஷம் கரண்டு போனது.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்டு போவது அதிசயமில்லை. பழைய யூபிஎஸ் நாலு தடவை கீச்சென்று கத்திவிட்டு விழுந்தது. திரை இருண்டது. பெட்டியின் விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அந்தப் பெட்டியை ஓடவிட்ட நாளிலிருந்து என் காம்பராவில் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. காது அடைத்ததுபோல் இருந்தது.

அந்த அமைதிக்குள் அவள் பேசினாள்.

குவைத்தில் இருக்கிறவள். என் தலைக்கு மேலே, சுவர் முடிந்து தகரம் தொடங்குகிற இடைவெளி வழியாக, மெதுவாக, தெளிவாக. "சாப்புட்டீங்களா? இங்க இன்னும் விடியல. எல்லாரும் தூங்குறாங்க. நான் குசினில குந்திக்கிட்டுப் பேசுறேன். ஒங்களுக்குக் கேக்குதா?"

லயத்துச் சுவர்கள் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு என்பார்கள். ஆனால் என் வீட்டில் பெட்டியின் உறுமலில் நானே எனக்கு ஒரு சுவரைக் கட்டிவைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்கத்துக் காம்பராவின் கதவைத் தள்ளினேன். அண்ணனைக் கிடத்தியிருந்த இடத்தில் கருமாதிவரை அணையாமல் வைக்கிற விளக்கு எரிந்தது. பக்கத்தில் செம்பில் தண்ணீர். செம்பில் சாய்த்து நிறுத்திய அண்ணனின் போன்; கரண்டு போகும் முன்பே அதில் இறங்கிவிட்ட குரல் பேசிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதன்முன் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் திரையை அழுத்திக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. அந்த முக்கோணத்தை அமுக்கினால் மருமகள் பேசுவாள் என்று மகன் சொல்லிக்கொடுத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் போனை மடிக்குள் போட்டுக்கொண்டார். மடிக்குள்ளிருந்தும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா... அத பெட்டிக்குள்ள வச்சீங்களே?"

"வச்சேன்."

"வச்சீங்களா?"

"சவுக்காரக் கட்டிய வச்சேன்." சோப்பைத்தான் சொன்னார். தலையை நிமிர்த்தவில்லை. "அம்புட்டுக் கனம்தான் இருந்துச்சு. ஒருத்தருக்கும் தெரியல."

"ஏன் பெரியம்மா?"

"நீதான சொன்ன, மண்ணுக்குள்ள வராதுன்னு! கம்பி கட்டுனப்ப சொல்லல? அவ புருசன் கேக்கணும்னு சொல்லிட்டா. மண்ணுக்குள்ள வச்சா அவன் எப்புடிக் கேப்பான்? இங்கதான கெடந்தான், இந்த எடத்துலதான கருமாதி வரைக்கும் இருப்பான். தம்பி பீலிக்குப் போற நேரமாப் பாத்து, இல்லாட்டி வீட்டுல ஆளு இல்லாதப்ப, அவனுக்குப் போட்டுக் காட்டுறேன். அவ பேசுனது வீணாப் போகக் கூடாதுல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லிறாத. மண்ணுக்குள்ள வைக்கலன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவா" என்றார்.

அவர் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலும் கடல் தாண்டிப் போய் ஒரு குசினியின் அடுப்படியில் பச்சையாக எரிந்தது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. நான் வாசலுக்குப் போய், மண்வெட்டியை உள்ளே எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். எதற்கு என்று சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஈரத்தலையோடு வந்த தம்பி, விளக்கு, போன், மண்வெட்டி, அம்மா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். நடந்ததைச் சொன்னேன். "அம்மா, சவுக்காரத்தத் தோண்டவா நான் போகப் பாத்தேன்?" என்றான். அப்புறம் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

கரண்டு வர மத்தியானம் ஆனது. பெட்டி திரும்ப உறுமி எழுந்ததும் குவைத்துக்குக் கூப்பிடப் போனேன். பெரியம்மா மகனின் போனை நீட்டினார். "அதுல வேணாம் பெரியம்மா, அவரே கூப்புட்டதாக் காட்டும்" என்று என் போனில் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"நான்தான்டி" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். இணைப்பு அறுந்ததோ என்று நான் திரையைப் பார்த்தேன், அவள் இருந்தாள்.

"அப்ப அவரு முழிக்கல" என்றாள் கடைசியில்.

"இல்ல சாமி. முழிக்கல. நான் முகத்தத் தொட்டுப் பாத்தேன். நான் பெத்த முகம் எனக்குத் தெரியாதா? ஒனக்குக் காட்டாம விட்டது தப்புத்தான்டி."

அப்போதுதான் அவள் அழுதாள். சாவன்றைக்கு அழுதது வேறு அழுகை. இது வேறு. நாங்கள் மூன்று பேரும் அந்த அழுகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஓய்ந்தபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"எந்தச் சவுக்காரம் அத்த?"

"நீ அங்கருந்து அனுப்பினியே, வாசனைச் சவுக்காரம்."

"அதயா? அத அவரு ஒரு நாளும் போட மாட்டாரே, பொம்பள வாசம்னு!" சொல்லிவிட்டு அழுகைக்கு நடுவே சிரித்தாள். தம்பியும் சிரித்தான். பெரியம்மா மட்டும் சிரிக்காமல், "இனிமே போடட்டும்" என்றார்.

குழியைத் தோண்டவில்லை. கருமாதிவரை பெரியம்மா தினமும் காலையில் அவள் பேச்சைப் போட்டுக் காட்டினார்; இப்போது ஒளிக்காமல். அங்கே பொட்டு எரிவதைப் பார்த்துக்கொண்டு அவள் குசினியில் உட்கார்ந்திருப்பாள். காரணம் தெரிந்தபிறகும் அந்த நேரத்தில் நான் திரையைப் பார்க்க மாட்டேன். விளக்கை மலையேற்றிய அன்று போனையும் நிறுத்தி, மஞ்சள் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "ஒம் பெட்டிக்குப் பக்கத்துல வையி. துணைக்கு இருக்கட்டும்." யாருக்கு யார் துணை என்று நான் கேட்கவில்லை.

அரட்டை அறையில் அண்ணனின் பெயர் சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

போன மழைக்கு டிஸ்க் முனக ஆரம்பித்தது. புதியதொன்று வாங்கி எல்லாவற்றையும் மாற்றி ஏற்றினேன்: கோயில் படங்கள், ஊர்ப்பேச்சு, அவள் பேசி அனுப்பிய குரல்கள். ஒன்றையும் திறந்து கேட்கவில்லை. குடிமாறும்போது சாமிப்படத்தை எடுத்துப்போவதுபோல் அண்ணனின் பெயரையும் தூக்கி வைத்தேன். புது டிஸ்க்கோடு பெட்டி எழுந்தபோது, கணக்கு ஒழுங்காகும்வரை ஒரு நொடி, எல்லாப் பெயர்களுக்கும் பொட்டு எரிந்தது. அண்ணனுக்கும் எரிந்தது. அவள் பார்த்திருக்கக் கூடாதே என்று நினைப்பதற்குள் குவைத்திலிருந்து செய்தி வந்துவிட்டது.

"அக்கா, கரண்டு போயிட்டு வந்துச்சா?"

"இல்ல புள்ள, டிஸ்க் மாத்துனேன்."

பெட்டி மட்டும் பெருமூச்சு விட்டது. பிறகு வந்தது:

"சரிக்கா. இனி மாத்துறதுன்னா மொதல்ல சொல்லுங்க. நானும் அந்நேரம் முழிச்சிருப்பேன்."